வாசலில் இருந்த முழுக்கோலம்

உங்கள் பயிற்சியின் கடைசி நாளில் வந்து அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். முடியாது என்றேன். மைக்கைப் பார்த்தாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும். முதல் வரிசையில் யார் கொட்டாவி விடுகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். எழுதித் தருகிறேன், உங்களில் யாராவது படியுங்கள் என்று சொல்லிவிட்டேன். எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள்.

பெயர் எஸ்தர். காவாந்தண்டலத்துப் பெண். உத்திரமேரூரில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் ஹெல்பராகச் சேர்ந்து, அதே வேலையில் இருந்து ரிடையர் ஆனேன். நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள் என்று வீட்டோடு கிடக்கும் வயசானவர்களைப் போய்ப் பார்ப்பது என் வேலை. குளிப்பாட்டுவது எப்படி, புண் கட்டுவது எப்படி என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் கூட்ட ஒன்றும் இல்லை. ஒரு ஆடி வெள்ளிக்கிழமை நான் செய்த தப்பை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் கவலைப்படுகிறவள். ஆஸ்பத்திரிக் கதவைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மறுபடி போய், மறுபடி வருவேன். ‘எஸ்தரு வூட்டுக்குப் போறதுக்குள்ள பூட்டே தேஞ்சு போவுது’ என்று வாட்ச்மேன் கிண்டல் பண்ணுவார். சின்ன வயசில் இதை ஒரு வியாதி என்றே நினைத்து வெட்கப்பட்டேன். இப்போது வெட்கம் இல்லை. இந்த வேலைக்குக் கவலைப்படுகிறவர்கள் தேவை. எந்தக் கவலையை மதிப்பது, எதைத் தட்டிவிடுவது என்று தெரிந்துகொண்டால் போதும். அதை நான் தெரிந்துகொண்டது அந்த வெள்ளிக்கிழமைதான்.

எழுபதுகளின் கடைசிப் பக்கம். மழை பொய்த்து, ஏரி வற்றி, குடிதண்ணீர்க் கிணறுகளில் சேறு கலங்கிக் கிடந்த வருஷம். ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே வாந்திபேதி வந்துவிட்டது. காலரா என்ற பேரை ஆஸ்பத்திரியிலேயே மெதுவாகத்தான் சொல்லுவோம். அது நம்மூரில் மட்டும் இல்லை, வருஷக்கணக்காக நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எங்கள் சிஸ்டர் சொன்னார். சிஸ்டர் என்றால் எங்கள் ஹெட் நர்ஸ். அவர் பேரை எழுதக்கூடாது என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார், அதனால் சிஸ்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. நெல் வியாபாரி ஒருவர் காலியாகக் கிடந்த தன் மண்டிக் கொட்டகையைக் கொடுத்தார். அதில் கயிற்றுக் கட்டில்களைப் போட்டோம். ஒவ்வொரு கட்டிலிலும் நடுவில் கயிற்றை அறுத்து, ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை வைத்து, சுற்றிலும் துணி சுற்றிக் கட்டி, கீழே ஒரு பக்கெட். படுத்திருக்கிறவர் எழுந்திருக்க வேண்டியதில்லை, போகப்போக கீழே போய்விடும். எவ்வளவு போயிற்று என்று பார்த்து, அவ்வளவு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம், மீறினால் சலைன். அந்த ஓட்டைகளைக் கட்டினது நான்தான். விரல் எல்லாம் கயிறு அறுத்த தழும்பு.

“வீட்டு விசிட்டை நிறுத்து எஸ்தர். எனக்கு இங்க ஆள் வேணும்” என்றார் சிஸ்டர்.

“என் ஏழு பேரு என்ன ஆவறது சிஸ்டர்?”

“காலையில ஒரு மணி நேரம் தர்றேன். வாசல்லயே நின்னு விசாரி. வீட்டுக்குள்ள போகாத. நீ இங்க இருந்து அங்க கொண்டுபோய்க் கொடுத்துடக் கூடாது.”

அவர் சொன்னது சரி. ஏழு பேரில் ஆறு பேருக்கு வீட்டில் மகனோ மருமகளோ இருந்தார்கள். வாசலில் நின்று குரல் கொடுத்தால் பதில் வரும். தனியாக இருந்தவர் திருப்புலிவனத்தில் முனியம்மா ஒருவர்தான்.

முனியம்மாவை நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன். அறுபத்தைந்து வயசு இருக்கும். நாற்று நடுவதில் அந்தப் பக்கத்தில் அவர் கையை யாரும் முந்தினதில்லையாம். கதிர் கட்டு ஏற்றும்போது வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. ஒரு கால் குட்டை, இன்னொரு முழங்கால் மடங்கினது மடங்கினபடி. நிற்க முடியாது. இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகருவார். தென்னை ஓலையில் ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டிப் பிழைத்தார். கை மட்டும் இரும்பு. வாய் அதைவிட.

வாசலில் நின்று விசாரிக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் சிரித்தார்.

“வாசல்ல நின்னுகினு இன்னாடி விசாரிப்ப? ‘பெரிம்மா, உசுரோட கீறியா’ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவியா? அந்த பேஜாரே வேணாம். காலைல வாசல்ல கோலம் இருந்தா நான் கீறேன். பாத்துட்டுப் போய்க்கினே இரு. இல்லேன்னா உள்ள வா.”

எனக்கு அது பிடித்துவிட்டது. ஏன் பிடித்தது என்று உண்மையைச் சொல்கிறேன். பெரிம்மாவைக் கூப்பிட்டால் பேச்சு அரை மணிக்குக் குறையாது. கோலம் என்றால் ஒரு பார்வை. பஸ்ஸில் போய், தெருமுனையில் இருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். அவருக்கும் தொந்தரவு இல்லை, எனக்கும் நேரம் மிச்சம். இரண்டு பேரையும் ஒருவரோடொருவர் பேசவிடாமல் செய்கிற ஏற்பாடு எதுவாக இருந்தாலும் அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. உங்கள் செல்போனில் பச்சை விளக்கு எரிந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று எழுதிக்கொள்கிறீர்களே, அதுவும் கோலம்தான்.

நான்கு நாள் கோலம் இருந்தது. ஐந்தாம் நாள் வெள்ளி, ஆடி வெள்ளி. தெரு முழுக்க ஒவ்வொரு வாசலிலும் பெரிய கோலம். வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வியாதிக்காரத் தெரு மாதிரியே இல்லை. முனியம்மா வாசலிலும் கோலம். தாமரை இதழ் விரித்து, வண்டிச் சக்கரம் அளவுக்கு, நட்ட நடு வாசலில். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. பெரிம்மா உற்சாகமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதே பஸ் திரும்பி வரும்போது ஏறிக்கொண்டேன்.

அன்று கொட்டகையில் கூட்டம். மத்தியானம் ஒரு அம்மா கட்டிலில் படுத்தபடியே ஸ்டூலில் இருந்த டம்ளருக்குக் கையை நீட்டினார். நாலு விரல் எட்டவில்லை. நான் ஸ்டூலைக் கட்டிலோரம் தள்ளிவிட்டேன். தள்ளின கை அப்படியே நின்றுவிட்டது.

கை எட்டவில்லை.

முனியம்மா வாசற்படியில் உட்கார்ந்துதான் கோலம் போடுவார். உட்கார்ந்த இடத்தில் இருந்து முன்னால் சாய்ந்து, கை எட்டும் தூரத்துக்குப் போடுவார். அதனால் அவர் கோலம் எப்போதும் பாதி வட்டம். படியை ஒட்டி ஆரம்பித்து, வெளியே ஒரு முறம் விரித்த மாதிரி நிற்கும். அரை நிலா என்று அவரே சொல்லுவார். வாசல் நடுவில், படியில் இருந்து நாலடி தள்ளி, வட்டமாக ஒரு தாமரையை அவர் எப்படிப் போட முடியும்? நகர்ந்து போய்ப் போட்டிருந்தால் தரையில் இழுத்த தடம் இருக்கும். கோலமே அழிந்திருக்கும்.

ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் ஒரு கையில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கோலம் பெருசா இருந்துச்சுன்னா ஓடி வர்ற?”

“ஆமா சிஸ்டர்.”

“பக்கத்து வீட்டுக்காரி போட்டிருப்பா.”

“அதான் சிஸ்டர் பயமா இருக்கு. அவங்க போடலைன்னா ஏன் போடலை?”

“எஸ்தர், நீ நேத்து ராத்திரி பூட்டைப் பார்க்க எத்தனை தரம் வந்தே?”

“மூணு தரம்.”

“பூட்டியிருந்துச்சா?”

“மூணு தரமும் பூட்டித்தான் இருந்துச்சு.”

“இதுவும் அந்த மாதிரியா?”

நான் யோசித்தேன். சுற்றிலும் பன்னிரண்டு கட்டில். நான் போனால் அந்தப் பன்னிரண்டு பக்கெட்டையும் சிஸ்டரும் இன்னொரு பெண்ணும் பார்க்க வேண்டும். ஒரு சந்தேகத்துக்காக, கண் முன்னால் கிடக்கிறவர்களை விட்டுப் போகலாமா? என் நெஞ்சு அடிக்கிற அடியை வைத்துத் தீர்மானிக்க முடியாது, அது பூட்டுக்கும் இதே அடிதான் அடிக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது.

“இல்லை சிஸ்டர். பூட்டு விஷயத்துல பூட்டிட்டேன்னு எனக்கே தெரியும், சும்மா மனசு கேக்காது. இதுல நான் கண்ணால ஒண்ணைப் பார்த்தேன். பார்த்தது தப்பா இருக்கு.”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

“போ. உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எடுத்துக்கோ, பிளீச்சிங் பவுடர் எடுத்துக்கோ. குடிக்கிற நிலைமையில இருந்தா, தூக்கறதுக்கு முன்னாடியே குடுக்க ஆரம்பி. தூக்கிட்டு வந்து குடுக்கலாம்னு நினைக்காத. ஒண்ணும் இல்லைன்னா, வந்து எல்லா பக்கெட்டையும் நீதான் கழுவணும்.”

பிள்ளைகளே, இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவலை வந்தால், நீ எதைப் பார்த்தாய் என்று உன்னையே கேள். காட்ட ஒரு பொருள் இருந்தால் போ. இல்லாவிட்டால் வேலையைப் பார். முப்பது வருஷம் நான் இதை வைத்துத்தான் ஓட்டினேன்.

காஞ்சிபுரம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறினதும் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

“இன்னாம்மா, பினாயில் வாசனை தூக்குது? மண்டி ஷெட்டுல இருந்தா வர்ற? பின்னாடி படியாண்ட நில்லும்மா, நல்லா கீறவங்க மேல படாத.”

நின்றேன். காற்று நன்றாக வந்தது.

பெரிம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தாமரைக் கோலம் அப்படியே இருந்தது, ஒரு காலடி கூடப் படாமல். காலையில் தெருமுனையோடு திரும்பிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மத்தியானம் வரைக்கும் ஒரு கோலம் மிதிபடாமல் இருந்தால் அந்த வீட்டில் இருந்து யாரும் வெளியே வரவில்லை, யாரும் உள்ளே போகவில்லை.

பக்கத்து வீட்டு தனம் வெளியே வந்தாள். என் வயசுக்காரி, மாடு கன்று உள்ள குடும்பம்.

“கோலம் நீ போட்டியா தனம்?”

“ஆமா, நான்தான் போட்டேன். இன்னா தப்பு? அதுதான் போடச் சொல்லிச்சு. ‘ஆடி வெள்ளிடி, ஆத்தா வர்ற தெரு, என் வாசல்லயும் ஒண்ணு போட்டுடு’ன்னு உள்ள இருந்தே சொல்லிச்சு.”

“அவங்க எப்படி இருக்காங்க?”

“வயிறு லேசா சரியில்ல, தூங்கறேன்னுச்சு. நானும் வுட்டுட்டேன். இன்னொண்ணும் சொல்லிச்சு...” தனம் குரலை இறக்கினாள். “‘பெருசாவே போடு. எஸ்தரு வந்து பாப்பா. வாசல் காலியா கீதுன்னா உள்ள வந்துடுவா’ன்னுச்சு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோலம் எனக்குச் சேதி சொல்லத்தான் போடப்பட்டது. உள்ளே வராதே என்ற சேதி.

கதவைத் தள்ளினேன். நாற்றத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிம்மா பின்பக்கக் கதவுக்கும் பாய்க்கும் நடுவில் கிடந்தார். வெளியே போக நகர்ந்து, பாதியில் முடியாமல் நின்றுவிட்டார். கண் குழிக்குள் போயிருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடி நின்றது. நாக்கு மரக்கட்டை. ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது.

“வந்துட்டியா... சனியனே” என்றார். சத்தமே இல்லை, உதடுதான் அசைந்தது.

சொம்பில் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

“குடிச்சா... போவும்.”

“போகட்டும் பெரிம்மா.”

“எங்கடி போறது?” என்றார்.

இதை நான் சரியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் இந்த இடம் வரும். தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று அந்தக் காலத்தில் ஊரே நம்பினது. அவரும் அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வியாக்கியானம் செய்ய வாயைத் திறந்தேன். ஆனால் அவர் கேட்டது ‘எங்கே’ என்று. பின்கதவைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கதவுக்கு வெளியே முள்வேலி, வேலிக்கு அப்பால் புதர். அங்கே போய் வர அவருக்கு நல்ல உடம்பிலேயே அரை மணி ஆகும், கையில் முள் குத்தும். விடிவதற்கு முன் ஒருமுறை, இருட்டினதும் ஒருமுறை. நடுவில் போக நேராமல் இருக்க, அவர் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. வருஷக்கணக்காக அப்படி. நான் போகும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நிறைந்த சொம்பு இருக்கும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து நானும் நோட்டில் ‘இருக்கிறது’ என்று எழுதிக்கொள்வேன். ஏன் எப்போதும் நிறைந்தே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒன்றுக்கு எத்தனை முறை போனீர்கள் என்று கேட்க எனக்கு வெட்கம். சொல்ல அவருக்கு வெட்கம். இரண்டு பேரும் மரியாதையாக இருந்தோம்.

“தனம், மண்வெட்டி குடு” என்றேன்.

“எதுக்கு?”

“குடு.”

பெரிம்மாவை ஓரமாகப் புரட்டிவிட்டு, பாயின் பக்கத்திலேயே மண் தரையில் வெட்டினேன். தனம் வாசலில் நின்று கத்தினாள்.

“அடிப் பாவி! வூட்டுக்குள்ள குயி தோண்டுறியே! ஆடி வெள்ளியும் அதுவுமா! எயவு வூடா இது?”

“எயவு வூடா ஆகக்கூடாதுன்னுதான் தோண்டுறேன். சாம்பல் இருந்தா கொண்டா, மணல் இருந்தா கொண்டா. உன் வூட்டுக்காரரைக் கூப்புட்டு வண்டியைப் பூட்டச் சொல்லு. அதுக்கு மேல கத்து.”

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பேசினதும் எனக்கே ஆச்சரியம். தனம் ஓடினாள்.

ஒரு முழம் ஆழம் போதும். பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். பெரிம்மாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, குழி ஓரத்தில் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். மேலே என் புடவை முந்தானையைப் போர்த்தினேன்.

“பெரிம்மா, இங்கதான் போகணும். யாரும் பார்க்கலை, நானும் பார்க்கலை. போனதை நான் மூடிடுவேன். நீங்க எங்கயும் நகரவேண்டாம்.”

அவர் குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நெஜமா... நகர வேணாமா?”

“வேணாம்.”

அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார். கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். இரண்டு முறை வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கொடுத்தேன். மூன்றாவது சொம்பில் சொம்பைத் தானே பிடித்துக்கொண்டார். அந்த இரும்புக் கை அதற்கப்புறம் பிடியை விடவில்லை.

தனத்தின் வீட்டுக்காரர் எரு அள்ளும் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். வைக்கோல் பரப்பினோம். தெருவில் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள், கிட்டே யாரும் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, எல்லார் வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள். தனம் மட்டும் வந்தாள். மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு பெரிம்மாவின் காலைத் தூக்கினாள். வண்டி நகரும்போது தான் போட்ட கோலத்தின் மேல் சக்கரம் ஏறினதைப் பார்த்து அழுதாள்.

“நான் இன்னா கண்டேன் எஸ்தரு. போடச் சொல்லிச்சு, போட்டேன்.”

“நானும் பாத்துட்டுத்தான் தனம் போனேன்” என்றேன்.

வழி முழுக்கக் கொடுத்துக்கொண்டே போனேன். கொட்டகையில் சிஸ்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், உடனே சலைன் ஏற்றினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊசி குத்தி முடித்து, பாட்டிலைக் கட்டி நிறுத்தினபிறகு, “பக்கெட்டுங்க நாங்களே கழுவிட்டோம்” என்றார். அவர் பாராட்டு அவ்வளவுதான் இருக்கும்.

மறுநாள் காலையில் பெரிம்மாவுக்கு ஒன்றுக்குப் போயிற்று. உடம்பில் தண்ணீர் ஊறிவிட்டது என்று அர்த்தம், காலராவில் அதுதான் நாங்கள் காத்துக்கொண்டிருக்கும் சேதி. பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் சிஸ்டரிடம் காட்டினேன். யாராவது பார்த்திருந்தால் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேரும் ஒரு பக்கெட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாம் நாள் அவருக்கு வாய் திரும்பிவிட்டது.

“ஏண்டி எஸ்தரு, அன்னிக்கு சொன்னா கேக்க மாட்டியா? வராதன்னுதானே கோலம் போடச் சொன்னேன்?”

“ஏன் பெரிம்மா அப்படிச் சொன்னீங்க?”

“நாத்தத்துல கெடந்தேன். உன்னை எப்பிடிடி உள்ள வுடுவேன்? நீ வாரம் வாரம் வந்து, தலை வாரி, பூவு வச்சி, மனுசியா உக்கார வச்சிட்டுப் போற பொண்ணு. உன் எதிர்ல அப்பிடிக் கெடக்கறதுக்கு செத்துப்போலாம்னு இருந்துச்சு.”

நான் டம்ளரை நிரப்பி அவர் கையில் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் கட்டிலைத் தட்டிக்காட்டினார்.

“இந்த ஓட்டக் கட்டிலு நல்லா கீதுடி.”

“எல்லாரும் இதைப் பார்த்து அருவருப்பு படறாங்க பெரிம்மா.”

“அவங்க நடக்கறவங்க. அவங்களுக்கு இன்னா தெரியும்? பத்து வருசமா நான் வயிறு ரொம்பத் தண்ணி குடிச்சதில்ல. இங்க வந்துதான் குடிக்கிறேன். வயித்துக்குள்ள குளுகுளுன்னு கீது.” பிறகு, ரொம்ப சாதாரணமாக, “இத்த எனக்குக் குடுத்துடேன்” என்றார்.

காலரா படுத்த கட்டிலை வீட்டுக்குக் கேட்ட ஆள் அந்த வருஷம் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஆவணி பிறந்து வியாதி அடங்கினது. கொட்டகையைக் காலி செய்யும்போது கயிறுகளை எல்லாம் எரித்துவிடச் சொன்னார் சிஸ்டர். கட்டில் சட்டங்களை பிளீச்சிங் தண்ணீரில் கழுவி வெயிலில் போட்டோம். நான் ஒரு சட்டத்தின் பக்கத்தில் போய் நின்றேன்.

“என்ன?”

“இது ஒண்ணு வேணும் சிஸ்டர்.”

“முனியம்மாவுக்கா?”

“ஆமா.”

சிஸ்டர் வரிசையாகக் கிடந்த சட்டங்களைப் பார்த்தார். “உன் லிஸ்ட்டுல மத்த ஆறு பேர் பகல்ல தண்ணி குடிக்கிறாங்களா எஸ்தர்?”

எனக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் கேட்டதே இல்லையே. அந்த வாரம் ஆறு வீட்டுக்கும் போய், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நான்கு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவருக்கு மருமகளைக் கூப்பிட வெட்கம், ஒருவருக்கு மகன் வயலில் இருந்து வரும்வரை ஆள் இல்லை. அவர்களுக்கும் புதுக் கயிறு போட்டு, ஓட்டை வைத்துக் கட்டினேன். கட்டிலுக்கு அடியில் ஒரு மூடி போட்ட பாத்திரம். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. யார் கண்டுபிடித்தது என்று யாராவது கேட்டால் நான் முனியம்மா பேரைச் சொல்லுவேன்.

பெரிம்மா கட்டில் தனத்தின் வீட்டு வண்டியிலேயே போனது. வீட்டுக்குள் நான் தோண்டின குழியை தனம் மூடி, சாணம் போட்டு மெழுகி வைத்திருந்தாள். அந்த இடத்தின் மேலேயே கட்டிலைப் போட்டோம்.

மறுநாள் காலை போனேன். வாசற்படியை ஒட்டி அரை நிலா. கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது. ஆனால் அவர் கைதான், சந்தேகமே இல்லை. பழைய எஸ்தராக இருந்தால் அங்கிருந்தே திரும்பியிருப்பேன். நான் கோலத்தைச் சுற்றிக்கொண்டு போய் வாசலில் நின்றேன்.

“பெரிம்மா!”

உள்ளே இருந்து சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

“கேக்காத, நானே சொல்லிடறேன்! ரெண்டு சொம்பு குடிச்சிட்டேன், மூணு தரம் போயிட்டேன்! தெருவே கேட்டுக்குங்க! போதுமாடி? போய்க்கினே இரு!”

பக்கத்து வாசலில் தனம் சிரித்தாள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் குனிந்து, பாத்திரத்தை எடுத்தேன்.